இனச் சமத்துவப் போராட்டப் பாடல்களை அலசிப் படிப்பது எப்படி? கரைவலைக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு முழு வழிகாட்டி

மண்டபத்துக்கு மேற்கே ஏதாவது ஒரு கரையில் விடியற்காலையில் நின்று கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இடுப்பில் ஒரு துண்டுக் கயிற்றைச் சுற்றி, அதை வலைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்தே இழுப்பார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ ஏற்றுச் சொல்வார்கள். அம்பாப் பாட்டு என்று அதற்குப் பெயர். எடுத்துக் கொடுக்கும் அடியில் முருகன் வருவான், மாதா வருவாள், கடன் கொடுத்த முதலாளியும் வருவான். ஆனால் வலை நகர்வது அந்த அடிகளில் அல்ல. அகராதியில் பொருள் தேட முடியாத அந்த ஏலேலோவில்தான் அத்தனை பேரின் எடையும் ஒரே நேரத்தில் கயிற்றில் விழுகிறது.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டப் பாடல்களைப் படிப்பதில் பாதி வேலை முடிந்தது என்பேன். விடுதலை, நீதி, சமத்துவம் என்று பெரிய சொற்களைத் துரத்திக்கொண்டு போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சொற்கள் எல்லாப் பாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். பாட்டுக்குப் பாட்டு மாறுபவை சின்னச் சொற்கள்: நான், நாம், நாங்கள், இதோ, அதோ, ஒருநாள், இன்னும். அவற்றைப் பிடித்தால் வலையின் மடி கரைக்கு வந்து சேரும்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் சிறு வட்டத்துக்காக நான் எழுதிவைத்த குறிப்புகளே இவை. வருகிறவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் உண்டு, பாம்பன் பக்கத்திலிருந்து கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவரும் உண்டு. ஆங்கிலம் எங்கள் எல்லோருக்கும் அரைகுறைதான். அது தடை இல்லை. ஓரிடத்தில் தமிழ்தான் நமக்குத் திறவுகோல் என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

முதல் படி: காகிதத்தை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக் பாடிய 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' (மாற்றம் ஒன்று வரத்தான் போகிறது) பாட்டை வட்டத்தில் எடுத்தபோது, எங்கோ கிடைத்த வரிகளை அச்செடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். "பாருங்கள், நிறப் பாகுபாட்டை இந்தப் பாட்டு நேரடியாகச் சொல்வதே இல்லை. ஆற்றங்கரையில் பிறந்ததையும் களைப்பையும் மட்டும் சொல்லி, மற்றதை நம் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது" என்று அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "சார், என் போனில் இருக்கும் பாட்டில் இன்னொரு பத்தி வருகிறதே" என்றாள். ஓடவிட்டோம். வந்தது. படம் பார்க்கப் போனாலும் கடைத்தெருவுக்குப் போனாலும் இங்கே நிற்காதே என்று யாரோ சொல்லிக்கொண்டே இருப்பதாக ஒரு பத்தி. என் அரை மணி நேரக் கோட்டை மணலில் சரிந்தது.

நடந்தது இதுதான். 1964 ஜனவரியில் பதிவான அந்தப் பாட்டின் இசைத்தொகுப்பு வடிவத்தில் அந்தப் பத்தி இருக்கிறது. டிசம்பரில் வானொலிக்கு ஏற்றதாகத் தனித்தட்டு வெளியானபோது அதை வெட்டிவிட்டார்கள். நான் அச்செடுத்தது வெட்டிய வடிவம். எதை வெட்டினார்கள் என்று பாருங்கள்: எந்த இடத்தில், எந்த வாசலில் விரட்டப்பட்டான் என்ற செய்தியை மட்டும். ஆறும் களைப்பும் நம்பிக்கையும் வானொலிக்குப் போகலாம், திரையரங்கு வாசல் போகக் கூடாது. வெட்டுப்பட்ட இடமே பாட்டின் உயிர்நிலையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அன்றிலிருந்து எந்தப் பாட்டை எடுத்தாலும் கிடைக்கிற வடிவங்களையெல்லாம் கேட்டு, எதில் எது விடுபட்டிருக்கிறது என்று குறித்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.

மூன்று முறை கேளுங்கள். முதல் முறை கையில் பேனா வேண்டாம். இரண்டாம் முறை, எங்கே ஒற்றைக் குரல், எங்கே பல குரல், எங்கே மௌனம் என்று மட்டும் குறியுங்கள். மூன்றாம் முறை வரிகளைக் கையால் எழுதுங்கள். காதில் விழாத சொல்லுக்குக் கோடு போட்டு இடம் விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். அதன் பிறகு அச்சில் உள்ள வரிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஓர் அட்டை, நான்கு கேள்விகள்

ஓர் அஞ்சலட்டை அளவுக் காகிதம் போதும். எழுதியவர் யார், பாடியவர் யார், எந்த ஆண்டு, யார் முன்னால். எழுதியவரும் பாடியவரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' (விசித்திரமான பழம்) என்றதும் பாடகி பில்லி ஹாலிடே நினைவுக்கு வருவார். எழுதியவர் ஏபெல் மீரோபோல், நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த யூதர். 1937-இல் ஆசிரியர் சங்க இதழ் ஒன்றில் அது கவிதையாக வந்தது. 1939-இல் ஹாலிடே அதைப் பாடினார். அவருடைய வழக்கமான நிறுவனம் பதிவு செய்ய மறுத்ததால் கொமடோர் என்ற சிறு நிறுவனம் பதிவு செய்தது.

ஆண்டைக் குறிக்கும்போது நான் இரண்டு பத்தி போடச் சொல்வேன்: அங்கே என்ன, இங்கே என்ன. 1964-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மார்ச்சில் கறுப்பினப் பாடகி நினா சிமோன் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாடுகிறார். ஜூலை 2-ஆம் தேதி, இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தாகிறது. டிசம்பர் 11 அன்று சாம் குக் சுடப்பட்டு இறக்கிறார். இங்கே, அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம்: இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக. சாம் குக் இறந்த அதே டிசம்பரில், 22-ஆம் தேதி இரவுப் புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போனது. இந்த இரண்டு பத்திகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டை வேறொரு கிரகத்துப் பாட்டாகக் கேட்பது நின்றுவிடும். எங்கள் தபால்காரர் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "அப்போது எனக்குப் பதினோரு வயது" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் படி: நாமா, நாங்களா?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றுதான். தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். இலக்கண வகுப்பில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன சங்கதிதான். போராட்டப் பாடலைத் தமிழாக்கும் நொடியில் அது உயிர் பெற்று எழுந்து நிற்கும். ஏனென்றால் நீங்கள் முடிவெடுத்தே தீர வேண்டும். ஆங்கிலக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்காமலே தாண்டிப் போய்விடலாம். நம்மால் முடியாது.

'வீ ஷல் ஓவர்கம்' பாட்டை எடுத்துக்கொள்வோம். இதன் வேர்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது 1901-இல் சார்ல்ஸ் ஆல்பர்ட் டிண்ட்லி எழுதிய தேவாலயப் பாடல். அதில் வருவது 'நான்'. நான் ஒருநாள் வெல்வேன். ஓர் ஆன்மா தன் கடவுளிடம் சொல்வது. 1945 முதல் 1946 வரை தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டுத் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளி அந்தப் பாட்டை நீட்டி இழுத்துப் பாடுவாராம். அந்த மறியல் வரிசையில் 'நான்' பன்மையானது. ஒரு சொல் கூடுதல் இல்லை, புதிய கருத்து இல்லை, ஒருமை பன்மையானது அவ்வளவுதான். ஜெபம் கோரிக்கையாகிவிட்டது.

அந்தப் பன்மை எது? ஆலை வாசலில் முதலாளியைப் பார்த்துப் பாடும்போது அது சந்தேகமில்லாமல் நாங்கள். பக்கத்தில் நிற்கும் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு பாடும்போது நாம். ஒரே வரி, ஒரே நேரத்தில், முகம் திரும்பும் திசையைப் பொறுத்து இரண்டாகவும் இருக்கிறது. என் வட்டத்தில் இதைச் சொன்னதும் பாசி எடுக்கும் அக்கா உடனே பிடித்துக்கொண்டார். அதிகாரிகள் வந்து தீவுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லும்போது "நாங்கள் எங்கே போவோம்" என்போம், அவர்கள் போன பிறகு "நாம் என்ன செய்யலாம்" என்போம் என்றார். இதைவிடத் தெளிவாக நான் விளக்கியிருக்க முடியாது.

அந்த வேலைநிறுத்தக்காரர்கள் வழியாகப் பாட்டு டென்னசியில் போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹைலேண்டர் பள்ளிக்குப் போனது. அங்கே சில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றார், அவரிடமிருந்து பாடகர் பீட் சீகர். 1959-இல் அந்தப் பள்ளிக்குள் இரவில் போலீஸ் புகுந்து விளக்குகளை அணைத்தபோது, இருட்டில் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் 'எங்களுக்குப் பயமில்லை' என்று ஓர் அடியைச் சேர்த்துப் பாடினார்கள். அந்த அடி எழுதப்பட்டதல்ல, இருட்டில் பிறந்தது. அங்கே நாங்கள்தான். கைவிளக்கோடு நின்றவனை நாமில் சேர்க்க முடியாது.

பிறகு 1965. மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மாவில் பாலத்தின் மேல் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. எட்டு நாள் கழித்து, மார்ச் 15 அன்று, ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தில் வாக்குரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாட்டின் தலைப்பையே சொன்னார். தெற்கத்திய வெள்ளைக்காரர், அதிகாரத்தின் உச்சியில் இருப்பவர், அந்தப் பன்மையை வாயெடுத்துச் சொல்கிறார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த மார்ட்டின் லூதர் கிங் கண்ணீர் விட்டதாக உடனிருந்த ஜான் லூயிஸ் சொல்லியிருக்கிறார். தமிழில் சொன்னால் ஒரு நொடியில் விளங்கிவிடும்: நாங்கள் என்று இருந்தது அன்று நாம் ஆனது. அது வெற்றியா, பாட்டைப் பறிகொடுத்ததா? எங்கள் வட்டத்தில் இதை வைத்து இரண்டு ஞாயிறு சண்டை நடந்தது. என் கட்சி, இரண்டும்தான் என்பது. கயிற்றைப் பிடிக்க ஆள் கூடினால் வலை சீக்கிரம் வரும், ஆனால் மீனைப் பங்கு போடும்போது புதிதாக வந்தவன் எங்கே நிற்கிறான் என்றும் பார்க்க வேண்டும்.

நம்மிடத்திலும் இதைப் பயின்று பார்க்கலாம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வாடிய பெண்களைப் பற்றிப் பாரதி பாடிய பாட்டில், காற்றை அழைத்து, "துன்பக் கேணியிலே எங்கள் பெண்கள் அழுதசொல் மீட்டும் உரையாயோ" என்று கேட்கிறார். ஏன் 'நம் பெண்கள்' இல்லை? கேட்பது காற்று. காற்று நம்மில் ஒருத்தி இல்லை. அந்தப் பெண்களின் அழுகுரலைக் கொண்டுவந்து சேர்க்க மனிதர் யாரும் இல்லாமல் காற்றிடம் கெஞ்ச வேண்டிய நிலை அந்த 'எங்கள்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

செய்ய வேண்டியது: பாட்டில் வரும் ஒவ்வொரு தன்மை, முன்னிலைச் சொல்லையும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றையும் தமிழில் எழுதுங்கள். நாமா நாங்களா என்று தடுமாறும் இடத்தில் நட்சத்திரம் போடுங்கள். உங்கள் கட்டுரை அந்த நட்சத்திரத்தில்தான் தொடங்கப் போகிறது.

நான்காம் படி: சொல்லாமல் விட்டதைத் தேடுங்கள்

வட்டமிட ஒன்றுமே கிடைக்காத பாட்டும் உண்டு. 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பன்னிரண்டே வரி, நான்கு நான்காக மூன்று பத்தி. நானும் இல்லை, நீயும் இல்லை, நாமும் இல்லை. தெற்கத்திய மரங்களில் ஒரு விசித்திரமான பழம் தொங்குகிறது என்று தொடங்குகிறது. அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பின மனிதரின் உடல்தான் அந்தப் பழம். இலையில் இரத்தம், வேரில் இரத்தம். நடுப்பத்தியில் மக்னோலியாப் பூவின் மணமும், உடனே எரியும் சதையின் நாற்றமும். கடைசிப் பத்தியில் காகம், மழை, காற்று, வெயில்.

கொன்றவன் எங்கே? பாட்டில் இல்லை. கயிறு போட்டவனும் இல்லை, வேடிக்கை பார்த்த கூட்டமும் இல்லை. வினை செய்பவையெல்லாம் இயற்கை: மரம் காய்க்கிறது, காகம் கொத்துகிறது, வெயில் அழுகச் செய்கிறது. அப்படியானால் கொலைகாரனைக் காப்பாற்றுகிறதா பாட்டு? கடைசி வரியைப் பாருங்கள். இதோ ஒரு விசித்திரமான, கசப்பான விளைச்சல் என்று முடிகிறது. பழம் என்று தொடங்கியது விளைச்சல் என்று முடிந்திருக்கிறது. காட்டு மரத்தில் பழம் தானாகக் காய்க்கலாம். விளைச்சல் தானாக வராது. விளைச்சல் என்றால் உழுதவன் இருக்கிறான், விதைத்தவன் இருக்கிறான், அறுவடையை வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் இருக்கிறான். பன்னிரண்டு வரியும் ஒளித்துவைத்திருந்த ஆளை அந்த ஒரு சொல் காட்டிக் கொடுக்கிறது. பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவன் மட்டும் குற்றவாளியாகி மற்றவர்கள் தப்பித்திருப்பார்கள்.

அந்த 'இதோ'வையும் விடாதீர்கள். கடைசிப் பத்தியில் இரண்டு முறை வருகிறது. அதோ அங்கே தெற்கில் என்று சொல்லியிருக்கலாம். பாடப்பட்டது நியூயார்க்கில் கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியில். இரவின் கடைசிப் பாட்டாக அதைப் பாடும்போது பரிமாறுவதை நிறுத்திவிடுவார்களாம். விளக்குகள் அணைந்து பாடகியின் முகத்தில் மட்டும் ஒளி இருக்கும். கேட்பவரின் கையில் கோப்பை. அவர் முன்னால் கொண்டுவந்து வைக்கப்படுகிறது, இதோ என்று. தூரத்துக் கொடுமையைப் பற்றி வருத்தப்பட வந்தவரின் மேசைக்கே அது வந்துவிடுகிறது.

இன்னும் ஒரு சிக்கல். இந்தக் கவிதைக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படும் புகைப்படம் 1930-இல் எடுக்கப்பட்டது, இந்தியானா மாநிலத்தின் மேரியன் ஊரில். இந்தியானா தெற்கு அல்ல, வடக்கு. பாட்டு தெற்கத்திய மரங்கள் என்கிறது. இதைப் பிழை என்று எழுதிவிட்டுப் போக வேண்டாம். படம் ஒரு சம்பவம், பாட்டு ஒரு வழக்கம். வழக்கம் வேரூன்றியிருந்த மண் தெற்கு. ஆனால் வடக்கத்தியக் கேட்பவருக்கு அது ஒரு சின்ன ஆறுதலையும் கொடுத்திருக்கும் என்பதையும் எழுதலாம். பாட்டை நேசிப்பதற்காக அதன் வசதியான இடங்களை மறைக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: மெட்டு எந்தப் பக்கம் நிற்கிறது?

மெட்டு எப்போதும் சொல்லுக்கு ஒத்தூதும் என்று நினைக்காதீர்கள். நினா சிமோனின் 'மிஸிஸிப்பி காட்டாம்' ('நாசமாய்ப் போன மிஸிஸிப்பி' என்பது போன்ற வசவு) பாட்டைச் சொல் தெரியாமல் கேட்டால் ஏதோ கேளிக்கை நாடகத்தின் துள்ளல் பாட்டு என்றே தோன்றும். அவரே பாட்டின் நடுவில், இது ஒரு நாடகப் பாட்டு, அதற்கான நாடகம்தான் இன்னும் எழுதப்படவில்லை என்று சொல்கிறார். பாட்டுக்குப் பின்னால் இருப்பவை 1963 ஜூனில் மிஸிஸிப்பியில் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டதும், செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்ததும். கார்னகி அரங்கில் பெரும்பாலும் வெள்ளையர்கள். தொடக்கத்தில் சிரிப்பொலி கேட்கிறது. போகப்போக அது எங்கே நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரங்கத்தின் சிரிப்பும் ஒரு சான்று.

நடுவில் அம்பாப் பாட்டுப் போல எடுப்பும் ஏற்பும் வருகிறது. அவர் ஒன்றைச் சொல்ல, பக்கவாத்தியக்காரர்கள் 'மெது' என்ற பொருளில் ஏற்றுச் சொல்கிறார்கள். ஜன்னல் துடைப்பது, பருத்தி எடுப்பது என்ற வேலைகள் முதலில் வருகின்றன. மெதுவாக வேலை செய்கிறாய் என்பது எஜமானின் வசவு. பிறகு அதே ஏற்பு உரிமைகளின் பட்டியலுக்கு வருகிறது. இப்போது அது மெதுவாகப் போங்கள், அவசரப்படாதீர்கள் என்று அறிவுரை சொன்ன அரசியல்வாதிகளின் குரல். ஒரு சொல், இரண்டு எஜமானர்கள். இவ்வளவும் நடக்கும்போது மெட்டு ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மெதுவாகப் போ என்றவனுக்குப் பாட்டின் பதில் வரியில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

ஆறாம் படி: வேதக் கதையைப் பிடியுங்கள், புதையல் கதையை நம்பாதீர்கள்

அடிமைப்பட்டிருந்த மக்களின் ஆன்மிகப் பாடல்களில் எகிப்து, மோசே, யோர்தான் நதி திரும்பத் திரும்ப வரும். இந்தக் கடற்கரையில் அதற்கு உரை தேவையில்லை. தங்கச்சிமடத்துப் பிள்ளை மோசே என்பான், கீழக்கரைப் பிள்ளை மூசா நபி என்பான், இருவருக்கும் பார்வோனைத் தெரியும். அந்தக் கதையில் தங்களை இஸ்ரவேலராகவும் வேதத்தைக் கையில் வைத்திருந்த எஜமானனைப் பார்வோனாகவும் அவர்கள் வைத்தார்கள் என்பதைக் கவனித்தால் போதும்.

ஆனால் இந்தப் பாட்டு தப்பியோடும் வழியின் ரகசிய வரைபடம், அந்த வரி இன்ன ஊர் என்று நிறையக் கதைகள் உலவுகின்றன. சில பாடல்கள் சைகையாகப் பயன்பட்டதற்குச் சாட்சியம் உண்டு. வேறு சில, பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டவை. வட விண்மீனைக் காட்டுவதாகப் புகழ்பெற்ற சுரைக்குடுவைப் பாட்டு முதன்முதலில் அச்சானதே 1928-இல், அடிமை முறை ஒழிந்து அறுபது ஆண்டுக்குப் பிறகு. கதை அழகாக இருக்கிறது என்பது சான்று ஆகாது.

ஏழாம் படி: நம் பாட்டைப் பக்கத்தில் வையுங்கள், மேலே ஒட்டாதீர்கள்

1959-இல் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ச்சியாக இருந்தது, பிறகு யோசித்தபோது ஆம் என்று பட்டது என்று கிங்கே 1965-இல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். ஒப்பீடு அப்படிக் கேட்பவரை உலுக்க வேண்டும். எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொள்வதற்கு ஒப்பீடு வேண்டாம். நிறம் வேறு, சாதி வேறு, இலங்கையில் இனம் என்றால் அது இன்னும் வேறு. முதலில் வேறுபாடுகளை எழுதுங்கள். ஒற்றுமை மீதி இருந்தால் தானாகத் தெரியும். அதோடு, அடுத்த கண்டத்துப் பாட்டுக்கு உருகிவிட்டுத் தன் தெருவைப் பற்றி வாய் திறக்காத கட்டுரைகளைப் படித்துப் படித்து எனக்குக் கொஞ்சம் அலுத்தும் போயிற்று.

இந்தக் கரைக்கென்று ஒரு பாட்டு இருக்கிறது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சம் துரத்திய மக்கள் இந்தக் கடலைத் தாண்டித்தான் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மண்டபத்தில் அவர்களைத் தடுத்துவைத்து, நோய் இல்லை என்று உறுதிசெய்து அனுப்ப இலங்கை அரசின் முகாம் இருந்தது. மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையத்துக்கே பெயர். பிற்காலத்தில் அகதிகள் வந்து இறங்கிய முகாமும் அங்கேதான். அப்படிப் போனவர்கள் மலையகத்தில் பாடிய நாட்டுப்பாடலில் மூன்று அடிகள்:

கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

இதுவரை பார்த்த படிகளை இதன் மேல் ஓட்டிப் பார்ப்போம். கோப்பி, அதாவது காபி, என்ற சொல் காலத்தைச் சொல்கிறது. இலங்கையில் 1869-இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை அந்த மலைகளைப் பிடித்துக்கொண்டது. எனவே பாட்டோ, பாட்டின் நினைவோ தேயிலைக்கு முந்தியது. துரை இல்லை, கங்காணி இல்லை, சாவுக்குக் காரணம் இல்லை: சொல்லாமல் விட்டவை. கன்று நட்டது யார்? அதுவும் இல்லை. 'போட்ட மலை' என்று மலைதான் எழுவாயின் இடத்தில் நிற்கிறது. 'தோத்த' என்ற சொல்லைப் பாருங்கள். இறந்த என்றில்லை, பறிகொடுத்த என்றும் இல்லை. சூதில் தோற்பது போல அண்ணனைத் தோற்றார்கள். பந்தயம் வைத்து விளையாடியது அவர்கள் அல்ல, தோற்றது மட்டும் அவர்கள்.

எட்டாம் படி: எழுதுவது

'இந்தப் பாடல் இனவெறியின் கொடுமையை உருக்கமாக எடுத்துரைக்கிறது' என்று தொடங்கும் கட்டுரைகள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. இதில் பாட்டின் பெயரை மாற்றிப் போட்டாலும் வாக்கியம் உண்மையாகவே இருக்கும். அதுதான் அதன் குறை. வேறு எந்தப் பாட்டுக்கும் பொருந்தாத ஒரு வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். உதாரணமாக: 'பழம் என்ற சொல்லில் தொடங்கி விளைச்சல் என்ற சொல்லில் முடிவதன் மூலம், ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட் தான் பெயர் சொல்லாத கொலைகாரனைக் கேட்பவரே தேடும்படி செய்கிறது.' இதை ஒருவர் மறுக்க முடியும். மறுக்க முடிகிற வாக்கியம்தான் கருத்து.

அதன் பிறகு சான்று: ஒரு சொல், ஓர் இடைவெளி, ஒரு வேகம், ஓர் ஆண்டு. வரிகளை முழுதாக எடுத்தெழுத வேண்டாம். பெரும்பாலான பாட்டுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள், அதோடு நீளமாக மேற்கோள் காட்டுகிறவர் பெரும்பாலும் யோசிப்பதைத் தள்ளிப்போடுகிறார். தமிழில் பொருளைச் சொல்லி, தேவையான ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டுங்கள். உருக்கம், உணர்ச்சி, எழுச்சி என்ற சொற்களை அடித்துவிட்டுப் பத்தி நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, பாட்டை ஓடவிட்டு அதன் கூடவே உங்கள் பத்தியை உரக்கப் படியுங்கள். பாட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லும் இடத்தில் உங்கள் குரலே தயங்கும்.

பாசி எடுக்கும் அக்கா எழுதிப் பழகியவர் இல்லை. மலையகப் பாட்டைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டாள். மூன்றே வாக்கியம். "மலையைக் காட்டுகிறவள் அந்தா என்கிறாள், அப்படியானால் மலை கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நாங்களும் கரையில் நின்று படகு வருவதை அந்தா என்றுதான் காட்டுவோம், வருகிற ஒன்றைத்தான் அப்படிக் காட்டுவோம். அண்ணனைக் காட்ட அவளுக்கு இடமில்லை, அதனால் மலையைக் காட்டுகிறாள்."